நிறுத்தி வச்சது பசங்க பணம்

ஆசிரியருக்கு வணக்கம். 2024-25க்கு தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய, ஸ்கூல் படிப்புக்காக மத்திய அரசும் மாநிலமும் சேந்து செலவு பண்ற சமக்ர சிக்‌ஷா திட்ட நிதி 2,152 கோடிய மத்திய அரசு நிறுத்தி வச்சத எல்லாரும் மொழி சண்டையாவே பேசுறாங்க, அந்த பணம் எங்க போகுதுன்னு யாருமே பேசுறதில்ல. மாற்றுத்திறன் குழந்தைங்களுக்கு சொல்லித்தர்ற சிறப்பு ஆசிரியர்கள், பிசியோதெரபி குடுக்குறவங்க, ஓவியம் தையல் விளையாட்டுக்கு வர்ற பகுதிநேர டீச்சருங்க, மலைகிராமத்து பசங்க ஸ்கூலுக்கு வர்ற வண்டி செலவு, இதெல்லாம் அதுலதான் ஓடுது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம், அதான் கணக்கு. பிஎம் ஸ்ரீன்னு, சில அரசுப்பள்ளிகள மட்டும் எடுத்து மாதிரிப் பள்ளியா மாத்துற மத்திய அரசு திட்டத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு, மூணு மொழி படிக்கச் சொல்ற புதிய கல்விக் கொள்கைய முழுசா ஏத்துக்கிட்டாதான் இந்த பணம்ங்குறது எனக்கு சுத்தமா நியாயமா படல, அது வேற திட்டம் இது வேற திட்டம், நம்ம கட்டுற வரியும்தான அதுல இருக்கு!

2025 மே மாசம் மாநில அரசு வட்டியோட சேத்து 2,291 கோடி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, போனது சரிதான். ஆனா கேஸ் முடியுறதுக்குள்ள ஒண்ணாவதுல இருந்த புள்ள மூணாவது போயிடும். அதே சமயம் மாநில அரசையும் கேக்கணும், 2012ல வேலைக்கு எடுத்த பகுதிநேர டீச்சருங்க இன்னும் நிரந்தரம் கேட்டு ரோட்ல உக்காந்து போராடுறாங்க, அதுக்கும் டெல்லியதான் கை காட்டுவீங்களா? மாவட்ட வாரியா எந்தெந்த வேலை நின்னுச்சு, யாருக்கு சம்பளம் லேட்டாச்சுன்னு உங்க நிருபர்கள அனுப்பி விசாரிச்சு போடுங்க சார்.

- ஒரு அரசுப்பள்ளி மாணவியின் அம்மா, தருமபுரி மாவட்டம்