கோல்ஃப்: பிழை பந்துக்கு முன் நிற்கும்போதே தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோல்ஃப் செய்தி வரும்போதெல்லாம், அடித்து முடித்து உடலை முறுக்கி நிற்கும் ஆட்டக்காரரின் படமே அச்சாகிறது. புதிதாகக் கற்பவர்கள் அந்தக் கடைசி நிலையைப் பார்த்துப் பழகுகிறார்கள். பந்து வலப்புறம் வளைந்து ஸ்லைஸ் ஆனால், டவுன்ஸ்விங்கை (மேலிருந்து பந்தை நோக்கி இறங்கும் வீச்சை) மாற்றிப் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் மாற்றியும் பந்து வளைந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் கோளாறின் வேர், பந்துக்கு முன் நிற்கும் விதத்திலும், கிளப் (பந்தை அடிக்கும் கோல்) பின்னோக்கி நகரும் முதல் அரை மீட்டரிலும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத விரும்புகிறேன். எல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்காகச் சொல்வது. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பிடி. இடக்கையில் கிரிப் (கிளப்பின் கைப்பிடி), உள்ளங்கையில் ஆழமாகப் புதையாமல் விரல்களின் அடிப்பகுதியில் குறுக்காகப் படிய வேண்டும். குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல்முட்டிகள் தெரிவது சரி. ஒன்றுதான் தெரிகிறது என்றால் கிளப்ஃபேஸ், அதாவது பந்தைத் தொடும் முகப்பு, திறந்து (வலப்புறம் பார்த்து) வந்து பந்தை வலப்புறம் அனுப்பும். நான்கும் தெரிந்தால் மூடி வந்து இடப்புறம் இழுக்கும். முழு இறுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் 4 அல்லது 5 போதும். அதற்கு மேல் இறுக்கினால் முன்கை விறைத்து மணிக்கட்டு மடங்க மறுக்கும். கிளப்பைத் தோள்கள்தான் தூக்க வேண்டிவரும்.

அடுத்தது திசை. அனுபவசாலிகளும் தவறுவது இங்கேதான். தோள்களை நேராக இலக்கை நோக்கி நிறுத்திவிடுகிறார்கள். இலக்கை நோக்க வேண்டியது கிளப்ஃபேஸ் மட்டுமே. பாதம், இடுப்பு, தோள் மூன்றும் பந்திலிருந்து இலக்குக்குச் செல்லும் கோட்டுக்கு (இலக்குக் கோட்டுக்கு) இணையாக, சற்று இடப்புறமாக அமைய வேண்டும். பந்துக்குப் பின்னால் நின்று, இலக்குக் கோட்டில் ஒரு மீட்டர் முன்னால் ஒரு புல்நுனியையோ இலையையோ குறித்துக்கொண்டு, கிளப்ஃபேஸை அதற்கு நேராக வைத்துவிட்டுப் பிறகு கால்களை அமைப்பது நல்ல வரிசை. ஃபேஸ் 1 டிகிரி விலகினால் 200 யார்டில் பந்து சுமார் மூன்றரை யார்டு தள்ளிப்போகும். 5 டிகிரி என்றால் 17 யார்டுக்கு மேல். பயிற்சியில் தரையில் ஒரு கிளப்பைக் கிடத்தித் திசையைச் சரிபார்க்கலாம். போட்டியில் கூடாது: கோல்ஃப் விதி 10.2பி-யின்படி தண்டனை உண்டு, அடிக்கும் முன் அதை எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது.

நடுத்தரத் தொலைவுக்கான கிளப்பாகிய நடுத்தர அயர்னுக்குக் கால்கள் தோளகலம் விரியட்டும்; குறைந்த தொலைவுக்கான வெட்ஜுக்குக் குறுகலாக, நெடுந்தொலைவுக்கான டிரைவருக்குச் சற்று அகலமாக. வெட்ஜுக்குப் பந்து நடுவில், நடுத்தர அயர்னுக்கு அதைவிடச் சிறிது முன்னால் (இலக்கின் பக்கம்), டிரைவருக்கு இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக. அயர்னில் பந்தை மிக முன்னால் வைப்பது சிறு பிழையாகத் தோன்றும். ஆனால் அதை எட்டுவதற்காகத் தோள்கள் தாமாகவே இடப்புறம் திரும்பிவிடும். அடிக்கும் முன்பே ஸ்லைஸுக்கான பாதை போட்டாயிற்று.

குனிவது இடுப்பு மூட்டிலிருந்து. முதுகை வளைத்து அல்ல. எடை பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும். கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கினால் கிரிப்பின் முனைக்கும் தொடைக்கும் இடையில் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். கைகளை நீட்டிப் பந்தை எட்ட வேண்டியிருந்தால், பந்திலிருந்து தள்ளி நிற்கிறீர்கள்.

இனி டேக்அவே, அதாவது கிளப் பின்னோக்கி நகரும் அந்தத் தொடக்கம். மார்பு திரும்ப, தோளும் கைகளும் கிளப்பும் ஒன்றாகவே நகர வேண்டும். மணிக்கட்டு அப்போது பெரிதாக எதுவும் செய்யக் கூடாது. ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையாகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஷாஃப்ட் இலக்குக் கோட்டுக்கும் இணையாக இருக்கிறதா? இலக்குக் கோட்டில் பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கிளப்பின் தலை கைகளை மறைக்கிறதா? ஃபேஸின் சாய்வு முதுகின் சாய்வை ஒத்திருக்கிறதா? ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் முன்கையை உருட்டித் திறந்துவிட்டீர்கள். தரையைப் பார்த்தால் மூடிவிட்டீர்கள்.

ஸ்லைஸ் அடிப்பவர்கள் சிக்கும் சுழல் ஒன்று உண்டு. ‘கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது’ என்று யாரோ சொல்ல, கேட்டவர் டேக்அவேயில் கிளப்பை வேகமாக உட்பக்கம், அதாவது உடலை நோக்கி, இழுக்கத் தொடங்குகிறார். கிளப்பின் தலை கைகளுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. மேலே போக வேறு வழியில்லாமல் கைகள் செங்குத்தாகத் தூக்குகின்றன. உச்சியிலிருந்து திரும்பும்போது தோள்கள் முந்திக்கொண்டு கிளப்பை வெளியே தள்ளுகின்றன. முன்பைவிட மோசமாக வெட்டுகிறது. அவர் இன்னும் உட்பக்கம் இழுக்கிறார். மருந்தே நோயாகிவிடும் இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து ஆட்டத்தை விடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது திருத்தக்கூடியது.

திருத்த இரண்டு பயிற்சிகள். முதலாவது, கிளப்தலைக்குச் சற்றுப் பின்னால், இலக்குக் கோட்டின் மேலேயே இன்னொரு பந்தை வையுங்கள். கிளப்பைத் தாழ்வாகப் பின்னிழுத்து அதை நேர்பின்னால் உருட்ட வேண்டும். உட்பக்கம் இழுத்தால் பந்து நேராக உருளாது. மணிக்கட்டால் தூக்கினால் உருளவே உருளாது. இரண்டாவது, ஷாஃப்டில் இறக்கிப் பிடித்துக் கிரிப்பின் முனையைத் தொப்புளில் பதித்துக்கொண்டு இடுப்பு உயரம்வரை திரும்புங்கள். முனை வயிற்றைவிட்டு விலகினால் கைகள் மட்டும் போயிருக்கின்றன, மார்பு திரும்பவில்லை. இவற்றைப் பந்து அடிக்காமல் பத்துமுறை செய்துவிட்டு, 9 அயர்னால் (குறுகிய தொலைவுக்கான அயர்ன்) பாதி வேகத்தில் சில பந்துகள் அடியுங்கள். டிரைவரைக் கடைசியில் எடுக்கலாம்.

கைப்பேசியில் படமெடுக்கும்போது கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேர்பின்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். இரண்டடி தள்ளி வைத்தாலே சரியான டேக்அவேயும் தவறாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிற்கும் விதம் சரியானதும் சில நாள் பந்து முன்பைவிட மோசமாகப் போகும். பழைய பிழையைச் சமாளிக்க உடல் கற்றுக்கொண்ட இன்னொரு பிழை இன்னும் உள்ளே இருப்பதே காரணம். அப்போது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை கோல்ஃப் பற்றி வெளியிடும்போது, ஷாஃப்ட் இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையாக நிற்கும் அந்த நொடியை, ஆட்டக்காரருக்குப் பின்னாலிருந்து எடுத்த படமாக ஒன்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கோல்ஃப் பயிற்சியாளர் ஒருவர்