கோடை அறிவுரையில் குழந்தைகளுக்கும் நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏற ஆரம்பித்ததும் எல்லா நாளிதழ்களிலும் கோடையைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், இளநீரும் பழச்சாறும் எடுத்துக்கொள்ளுங்கள், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், தண்ணீரைச் சேமித்து வையுங்கள் என்று அதில் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சரிதான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் இதை அப்படியே கடைப்பிடித்தால் சில விஷயங்களில் கெடுதலே வரும். குழந்தைகளுக்கென்று தனியாக, அளவு சொல்லி, அந்தப் பெட்டியில் நாலு வரி சேர்க்கக் கேட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அக்னி நட்சத்திரத்திலும் ஒரு சங்கு தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். "நாக்கு வறண்டிருக்கு, பாவம்" என்று பெரியவர்கள் ஊட்டும் தண்ணீர், அந்தச் சின்ன வயிற்றை நிரப்பி, குடிக்க வேண்டிய பாலைக் குறைத்துவிடுகிறது. அளவு கூடினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம். தண்ணீர் வழியாகவும், சரியாகக் கழுவாத சங்கு வழியாகவும் வரும் வயிற்றுப்போக்கு தனி. வெயில் நாளில் செய்ய வேண்டியது, அடிக்கடி பால் கொடுப்பதுதான். பால் கொடுக்கும் தாய்தான் கூடுதலாகத் தண்ணீரும் மோரும் கஞ்சியும் குடிக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிர் நிறமாகச் சிறுநீர் போனால் குழந்தைக்குப் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று நம்பலாம். புட்டிப்பால் கொடுக்கும் வீடுகளில் இன்னொரு தப்பு நடக்கிறது. வெயில் காலம் என்று பால்மாவில் தண்ணீரைக் கூட்டிக் கலக்குகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் கரண்டிக் கணக்கைக் கோடைக்காக மாற்றக் கூடாது.

அடுத்தது வயிற்றுப்போக்கு. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, லாரித் தண்ணீர், சீக்கிரம் கெட்டுப்போகும் சாப்பாடு, ஈ மொய்க்கும் வெட்டிய தர்பூசணி, எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்றே தெரியாத குச்சி ஐஸ் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதற்கான மருந்து எல்லா மருந்துக்கடையிலும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பேதியில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். அதை எத்தனை வீடுகளில் சரியாகக் கலக்குகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் பொடி இருக்கும். அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. பலர் அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். டம்ளர் 200 மில்லி என்றால் உப்பு ஐந்து மடங்காகிவிடுகிறது. அந்தக் கரைசல் உடம்பிலிருந்தே குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பேதி கூடும், தாகம் கூடும், குழந்தை சிடுசிடுவென்று அழும். உடனே "ஓ.ஆர்.எஸ். குடுத்தும் நிக்கலை" என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் சிக்கனமாக, பாதிப் பொடியை அரை லிட்டரில் போட்டு மீதியை மடித்து வைக்கிறார்கள். பாக்கெட்டுக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, பிரித்த பொடி ஈரத்தில் கட்டியும் பிடிக்கும். ஆகவே பாக்கெட்டைப் பிரித்தால் முழுதாகக் கொட்ட வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. கைக்குழந்தை வீட்டுக்கு அது வசதி. எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும்.

ஒரு லிட்டரை எப்படி அளப்பது? கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். பிரிக்கும் முன் தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே ஒரு கோடு போட்டு, கழுவி, அந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சொம்பையும் டம்ளரையும் நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகு பொடியைப் போட வேண்டும். கலந்த பிறகு சூடு பண்ணக் கூடாது. பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது என்று சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அளவு கெட்டுப்போகும். 24 மணி நேரத்தில் மீந்ததைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. புட்டியில் வேண்டாம், கரண்டியோ பாலாடையோ போதும். வாந்தியும் இருந்தால் இந்தச் சிகிச்சை தோற்றுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். தாகத்தில் இருக்கும் குழந்தை டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடிக்கும், அடுத்த நிமிடமே எல்லாம் வெளியே வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, 5 மில்லி மருந்துக் கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். கொஞ்சமாகத் தோன்றினாலும் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். இடுப்பு ஒடிகிற வேலைதான். வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் முடியும்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பெரிய பாத்திரங்களில் இந்தக் கரைசலைக் கலக்கி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். அங்கே சாவுகள் மளமளவென்று குறைந்தன. பாமர மக்கள் கையால் நடந்த வைத்தியம் இது. அளவு தெரிந்தால் நம் வீட்டிலும் நடக்கும்.

ராத்திரியில் பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கரண்டி 5 மில்லி கரண்டியாக இருக்க வேண்டும். குவித்து எடுத்தால் கணக்கு போச்சு. கல்லுப்பு என்றால் பொடித்து அளங்கள். ஊட்டும் முன் நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள். இதில் பொட்டாசியம் கிடையாது என்பதால் விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிட வேண்டும். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டதும், உப்புப் போட்ட நீர்மோரும் நல்ல துணை.

இளநீரும் ஜூஸும் அப்படியல்ல. இளநீரில் பொட்டாசியம் அதிகம், பேதியில் போகும் சோடியத்தை ஈடுகட்டும் அளவு அதில் இல்லை. சும்மா இருக்கும் பிள்ளைக்கு இளநீர் நல்லதுதான், பேதிக்கு அது மருந்தில்லை. பாக்கெட் மாம்பழச் சாறு பெரும்பாலானவற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அத்தனை சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இப்படிப்பட்ட இனிப்புப் பானங்களே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பேரில் ஒட்டிக்கொண்டு மருந்துக்கடை அலமாரியில் நின்றன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவை போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அவர் செய்தது பெரிய உபகாரம். ஆனாலும் கடைக்காரரிடம் "ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்று மட்டும் கேட்காமல், தண்ணீரில் கலக்கும் பொடிப் பாக்கெட்டைக் கேட்டு, உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை 10, ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பேதி வருவதைக் குறைப்பது அந்த முழு அளவுதான். சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. வயிற்றைக் காயப்போடுவது பெரியவர்களுக்கே தேவையில்லாதது, பிள்ளையை அது சுருட்டிப் போட்டுவிடும். தாய்ப்பால், தயிர்ச் சோறு, இட்லி, வாழைப்பழம் வழக்கம்போல இருக்கட்டும்.

பல் முளைக்கிற பேதி என்று விட்டுவிடுவதும், தொக்கம் எடுக்கவும் உரம் தட்டவும் தூக்கிக்கொண்டு அலைவதும் இன்னும் நடக்கிறது. அந்த அரை நாள்தான் பல குழந்தைகளுக்கு ஆபத்தாகிறது. உச்சிக்குழி உள்வாங்கினால் அதற்கு உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துவிட்டால் மெதுவாகப் படிவது, குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், வலிப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகிற வழியில் விழிப்பாக இருந்தால் கரைசலை ஊட்டிக்கொண்டே போகலாம்.

வெளியே போகாதீர்கள் என்கிற அறிவுரை பற்றியும் சொல்ல வேண்டும். வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் வீட்டுக்குள் வெளியைவிட வெப்பம். சூடான காற்று மேலே ஏறிக் கூரைக்கடியில் நிற்கும். அங்கேதான் தூளி தொங்குகிறது. பாலியஸ்டர் புடவையில் கட்டி, இரண்டு பக்கமும் மூடிக்கொண்டால் குழந்தை தன் சூட்டிலேயே வேகும். பழைய நூல் புடவை அல்லது வேட்டியில் கட்டி, வாய் விரிந்திருக்க நடுவே தொட்டில் கட்டை வைத்து, தரையை ஒட்டித் தாழ்வாகத் தொங்க விடுங்கள். கான்கிரீட் வீட்டில் மொட்டைமாடி பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கும். வெயில் தாழ்ந்ததும் மாடியில் தண்ணீர் தெளிப்பது, மார்ச்சிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இரண்டும் பலன் தரும். அறையின் காற்றே உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது. ஈரத்துணியால் பிள்ளையின் கழுத்து, அக்குள், தொடையிடுக்கைத் துடைத்துவிட்டு அதன் பிறகு காற்றுப்பட விடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்ட வேண்டாம், அது வியர்வைத் துவாரத்தை இன்னும் அடைக்கும், மூச்சிலும் போகும். இரண்டு வேளை குளியல், தளர்ந்த பருத்திச் சட்டை, அல்லது சட்டையே இல்லாமல் விடுவது நல்லது.

நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று ஒரு நிமிடம்கூடப் பிள்ளையை உள்ளே விடக் கூடாது. வெயிலில் உடம்பு கொதித்து, பிள்ளை மயங்கினால் காய்ச்சல் மருந்தால் பயனில்லை. துணியைக் களைந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நுங்கைத் தோலெடுத்து மசித்துக் கொடுங்கள். முழுசாக வழுக்கிக்கொண்டு போய் மூச்சுக்குழாயை அடைக்கும். தர்பூசணியில் விதையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சேமித்து வைக்கும் தண்ணீர். நடை பழகும் பிள்ளைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் நிமிர முடியாது, சத்தமும் வராது. நாலு விரல் தண்ணீர் போதும். காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள், குளியலறைக்கு வெளியே எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், டிரம்முக்கு மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். லாரி வந்து சம்ப்பில் தண்ணீர் விடும்போது குழாயைப் போட்டுவிட்டு எல்லோரும் குடத்தோடு ஓடுகிறார்கள், மூடி திறந்தே கிடக்கிறது. மூடி திரும்பப் போடும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் ஒருவர் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பெட்டியில் போட முடியாது என்று தெரியும். நான் கேட்பது இதுதான்: ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊர்வாரியாக வெப்பநிலை போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஆறு மாதத்துக்குள் தண்ணீர் வேண்டாம், பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுதுக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், வாந்தி என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி, சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108 என்று தினமும் அச்சிடுங்கள். கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிய எழுத்தில் போட்டால் மிகவும் நன்றி.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்