தேநீர் இடைவேளைக்குப் பிறகும் வாசல் திறந்திருக்கட்டும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கவுண்டி கிரிக்கெட் கிளப்பின் உறுப்பினர் குழுவுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதுதான் பெரிய சேதி. இங்கிலாந்தின் தொழில்முறைக் கிரிக்கெட்டை நடத்தும் பதினெட்டு கவுண்டிகளில் பதினைந்து இன்னும் உறுப்பினர்களுக்கே சொந்தம் என்பதால் உன் கை ஓட்டுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. "மைதானத்தில் கூட்டம் சேர என்ன வழி, உருப்படியாக எழுது" என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கவுண்டி சாம்பியன்ஷிப்பில், அதாவது நாலு நாள் ஆட்டங்களில், அணிக்கு சீசனுக்கு 14 ஆட்டமா, 12 ஆட்டமா என்ற சண்டையை உங்கள் குழுவுக்குள் விடாதே. 2022இல் முன்னாள் கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் தலைமையிலான ஆய்வுக் குழு 10 ஆட்டம் போதும் என்றது, கவுண்டிகள் ஏற்கவில்லை. 2025இல் மறுபடியும் மாதக்கணக்கில் இழுபறி, கடைசியில் செப்டம்பர் ஓட்டெடுப்பில் 14 அப்படியே நின்றது. கவுண்டிகளின் இருபது ஓவர் போட்டியான டி20 பிளாஸ்ட்தான் 2026 முதல் லீக் சுற்றில் 14லிருந்து 12 ஆகக் குறைகிறது. சாம்பியன்ஷிப்பின் முதல் டிவிஷனில் 10 அணி, இரண்டாவதில் 8 என்பதிலும் மாற்றமில்லை. இதெல்லாம் மேலே முடிவாகிவிட்டது. உன் குழுவின் கைக்கு எட்டுவது மைதானத்தின் வாசல்.

அந்த வாசலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நாம் புதியவனிடம் ஒரு முழு நாளை விற்கிறோம். அவனிடம் இருப்பது இரண்டு மணி நேரம். டி20 பிறந்ததே இதை ஒருவர் கவனித்ததால்தான். இங்கிலாந்து போர்டின் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்த ஸ்டூவர்ட் ராபர்ட்சன், கிரிக்கெட் பிடித்தும் மைதானத்துக்கு வராதவர்களைப் பிடித்து ஏன் என்று விசாரிக்கச் சொன்னார். நேரமில்லை என்பதே பெரிய பதிலாக இருந்தது. கவுண்டித் தலைவர்கள் 11க்கு 7 என்று அரைமனதோடு ஓட்டுப் போட, 2003 ஜூனில் ஆட்டம் தொடங்கியது. அடுத்த வருஷமே லார்ட்ஸில் மிடில்செக்ஸ் - சர்ரே ஆட்டத்துக்கு 27,000 பேர் வந்தார்கள். அந்த விசாரணையின் பலனை டி20 எடுத்துக்கொண்டது. நாலு நாள் ஆட்டம் இன்னும் பதினொரு மணிக்கு வந்து உட்கார்கிறவனுக்காக மட்டும் கடை விரிக்கிறது.

கணக்கைப் பார். நாளுக்கு 96 ஓவர். காலை 11 மணிக்கு ஆரம்பம், 1 மணிக்கு மதிய உணவு, 3.40க்குத் தேநீர், நாலு மணிக்குக் கடைசிப் பகுதி. அதில் முப்பது ஓவருக்கு மேல் மிச்சம் இருக்கும், பெரும்பாலும் ஆறரை வரை இழுக்கும். பள்ளிக்கூடம் விடுவது மூன்றேகால், மூன்றரை. அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்ப முடிகிறவன் நாலரைக்கு வந்துவிடுவான். ஒரு முழு டி20 ஆட்டத்தின் ஓவர்களுக்கு நெருக்கமான ஆட்டம் அந்த மாலையிலேயே இருக்கிறது. அதற்கு ஐந்து பவுண்டு வாங்கு, பெரியவரோடு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாக விடு. சில கவுண்டிகள் இதைச் செய்து பார்த்து, கூட்டம் வரவில்லை என்று கைவிட்டார்கள். ஏன் வரவில்லை என்பது அந்த நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். தேநீர் முடிந்ததும் டிக்கெட் ஜன்னலை மூடிவிடுகிறார்கள், பக்கவாட்டு வாசலுக்குப் பூட்டு, சாப்பாட்டுக் கடைக்காரர் நாலு மணிக்கே எண்ணெயை இறக்கிவிடுகிறார். பிள்ளையோடு வருகிறவனுக்கு ஒரு தட்டு சிப்ஸ்கூடக் கிடைக்காது. ஆகவே மாலை டிக்கெட்டை அறிவிக்கும் முன்னால் மூன்றை உறுதி செய்துகொள்: ஒரு வாசல் ஐந்தரை வரை திறந்திருக்க வேண்டும், ஒரு கடை ஆறு வரை நடக்கும் என்று கடை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், போனில் வாங்கிய டிக்கெட்டை வாசலில் காட்டினால் போதும் என்றிருக்க வேண்டும். ஏப்ரலில் இதை ஆரம்பிக்காதே. ஏப்ரல் மாலையில் அங்கே உட்கார நமக்கே பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். மே பாதியிலிருந்து சரி.

உள்ளே வந்தவனுக்கு என்ன நடக்கிறதென்று புரிய வேண்டுமே, அங்கேதான் பாதிப் பேரை இழக்கிறோம். வெற்றி தோல்வியைத் தாண்டிக் கிடைக்கும் போனஸ் புள்ளியை எடுத்துக்கொள். முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் 250 ரன் தொட்டால் ஒரு புள்ளி, பிறகு ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒன்று, 450 வரை. பந்து வீசும் அணிக்கு 3, 6, 9 விக்கெட்டில் ஒவ்வொன்று. வெற்றிக்கு 16, டிராவுக்கு 8. 105ஆவது ஓவரில் கடைசி ஜோடி திடீரென்று மட்டையைச் சுழற்றுவதும், எதிரணி கேப்டன் எல்லோரையும் எல்லைக்கோட்டுக்கு அனுப்புவதும் இதனால்தான். தெரிந்தவனுக்கு அது ஒரு குட்டி டி20. தெரியாதவனுக்கு, இவர்களுக்கு என்ன வந்தது என்ற குழப்பம். பெரிய திரையில் "அடுத்த புள்ளிக்கு 23 ரன், 5 ஓவர்" என்று ஒரு வரி போட்டால் போதும். திரை இல்லாத மைதானத்தில் ஸ்கோர்போர்டுக்குக் கீழே கரும்பலகை வை. மழை நின்றதும் நடுவர்கள் எத்தனை மணிக்குப் பார்வையிடுவார்கள், வெளிச்சம் போதாமல் நிறுத்தியிருந்தால் எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்பதையும் ஒலிபெருக்கியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லச் சொல். சும்மா காத்திருப்பதைப் பழைய ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், காரணம் தெரியாமல் காத்திருப்பதைப் புதியவர்கள் பொறுக்க மாட்டார்கள். (டிராவுக்கு 8 அதிகம் என்பது என் கட்சி. 2023இல் 5 ஆக இருந்தபோது கேப்டன்கள் கடைசி நாளில் கொஞ்சம் துணிந்தார்கள். அந்தச் சண்டை வேறு சமயம்.)

பிளாஸ்ட் ஆட்டத்துக்கு வெள்ளி இரவு வருகிறவர்களை நாலு நாள் ஆட்டத்துக்குத் திருப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். எல்லோரையும் முடியாது. பத்தில் ஒருவன் வந்தாலே உங்கள் மைதானத்துக்கு அது கூட்டம். டிக்கெட் வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறது. வழக்கமாகச் செய்யும் தவறு, சீசன் முடியும்வரை செல்லும் இலவசச் சீட்டு ஒன்றை அனுப்பிவிடுவது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால் மனுஷன் போகவே மாட்டான். மூன்றாம் நாள் மாலை ஆட்டம் முடிந்த அரை மணியில் அனுப்பு: "நாளை 178 ரன் வேண்டும், கையில் 6 விக்கெட், வாசலில் கட்டணம் இல்லை." கடைசி நாள் எப்படியும் வருமானம் குறைவு, அதைத் திறந்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆட்டம் பதினொன்றரைக்கே முடியும் நிலை என்றால் அனுப்பாதே. ஒருதடவை ஏமாந்தவன் அடுத்த அஞ்சலைத் திறக்கமாட்டான்.

இனி எனக்கு மிகப் பிடித்த விஷயம், வெளி மைதானங்கள், அதாவது கவுண்டி தன் தலைமை மைதானத்தை விட்டு வேறு ஊரில் போய் ஆடும் இடங்கள். செல்டன்ஹாம் கல்லூரியில் 1872 முதல் கிரிக்கெட் விழா நடக்கிறது. ஸ்கார்பரோவுக்கு யார்க்ஷயர் போனால் கடலோர ஊரே வந்து உட்கார்கிறது. சவுத்போர்ட், செஸ்டர்ஃபீல்டு, அருண்டெல் என்று பெயர் சொன்னாலே போதும். தலைமை மைதானத்தில் பெரிய ஸ்டாண்டுகளுக்கு நடுவே தொலைந்துபோகிற ஆயிரம் பேர், மரங்கள் சூழ்ந்த கிளப் மைதானத்தில் திருவிழாக் கூட்டமாகத் தெரிவார்கள். கணக்குப்பிள்ளைகள் வேண்டாம் என்பதற்குக் காரணம் செலவு: தற்காலிக இருக்கைகள், கழிப்பறைகள், கூடாரம், ஸ்கோரருக்கும் ஒளிபரப்புக்கும் இணைய இணைப்பு, மட்டையாளருக்குப் பந்து தெளிவாகத் தெரிய இரண்டு முனையிலும் சரியான உயரத்தில் சைட் ஸ்கிரீன் என்ற திரை. அந்தப் பட்டியலில் யாரும் எழுத மறப்பது மூடுபாய். கிளப்பிடம் இருக்கும் கவர் ஆடுகளத்தை மட்டும்தான் மூடும். ராத்திரி மழையில் பந்துவீச்சாளர் ஓடிவரும் தடம் ஊறிப்போய், காலையில் வெயில் அடித்தும் மூன்று மணி வரை ஆட்டம் இல்லாமல் போகும். ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்து காலி மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, அடுத்த வருஷம் அந்த ஊரை எடுத்துவிடுவார்கள். ஆகவே தலைமை மைதானத்தில் அந்த ஓடிவரும் தடத்தை மூடும் கவர்களையும் தண்ணீர் உறிஞ்சும் உருளையையும் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே லாரியில் அனுப்பிவிட வேண்டும். உங்கள் தலைமைப் பிட்ச் பராமரிப்பாளர் மார்ச்சிலேயே அங்கே ஆடுகளங்கள் இருக்கும் நடுச் சதுரத்தைப் போய்ப் பார்த்து, அக்கம்பக்கமாக இரண்டு ஆடுகளங்களை அந்த சீசன் முழுக்க யாரும் தொடாமல் ஒதுக்கச் சொல்ல வேண்டும். மோசமான ஆடுகளத்துக்குப் புள்ளி வெட்டுவார்கள். அந்தப் பயத்தாலேயே பல கிளப்புகள் பின்வாங்குகின்றன.

சாம்பியன்ஷிப் ஆட்டத்தை வெளியூருக்குக் கொண்டுபோகக் குழு தயங்கினால் ஒருநாள் கோப்பையிலிருந்து ஆரம்பி. ஆகஸ்டில் அணிக்கு நூறு பந்து என்ற ஹண்ட்ரட் போட்டி நடக்கும்போது நட்சத்திரங்கள் அதன் எட்டு அணிகளுக்குப் போய்விடுகிறார்கள், மிஞ்சுவது இளைஞர்கள். இரண்டாந்தரப் போட்டி என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். பள்ளி விடுமுறை, நல்ல வெயில், ஒரே நாளில் முடிவு, அணியில் உள்ளூர்ப் பையன்கள்: குடும்பத்தோடு வர இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பையன் எந்த கிளப்பில் வளர்ந்தானோ அந்த ஊரிலேயே ஆட்டத்தை வைத்துப் பார்.

அடுத்தது நம் ஆட்கள். இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடுகிறவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் தெற்காசியர். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அந்தப் பங்கு மிகக் குறைவு, கவுண்டி இருக்கைகளில் தெற்காசிய முகங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். லண்டனில் ஈழத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கோடை முழுக்க ஆட்டங்கள் நடத்துகின்றன. அந்தப் பிள்ளைகளில் பலர் பக்கத்துக் கவுண்டி மைதானத்தின் உள்ளே கால் வைத்ததில்லை. 2022இல் பர்மிங்காமில் தொடங்கிய சவுத் ஏசியன் கிரிக்கெட் அகாடமி ஆட்டக்காரர் பக்கத்தைச் சரிசெய்யப் பார்க்கிறது. ரசிகர் பக்கத்தைக் கவுண்டிகள்தான் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு "சமூக நாள்" வைத்து, தோல் வாத்தியம் அடித்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவதால் ஒன்றும் ஆகாது. நேரம் முதலில் இடிக்கும்: சனிக்கிழமை மதியம் அவர்களே லீக்கில் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெள்ளி மாலைக்கும், லீக் ஆட்டம் இல்லாத ஞாயிறுக்கும் கூப்பிடு. கிளப் செயலரிடம் இருபது டிக்கெட்டை மொத்தமாகக் கொடு, தனித்தனியாக அனுப்பினால் வராது. மதிய இடைவேளையில் மைதானத்துக்குள் விடுகிற நல்ல வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த நாற்பது நிமிஷம் அவர்கள் பிள்ளைகள் அங்கே பந்து அடிக்கட்டும். சைவமும் ஹலாலும் கிடைக்கட்டும், வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை வாசலில் தடுக்காதிருக்கட்டும். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு வேகப்பந்து வீச்சாளரின் ஒருமாதச் சம்பளம்கூட ஆகாது.

இந்திய ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தால் கூட்டம் வருமா என்பதற்கு என் பதில்: முன்கூட்டிச் சொன்னால் வரும். டெர்பிஷயரில் வெங்கட்ராகவன் ஆடிய காலத்திலிருந்து (1973 - 75) அஸ்வின், சாய் சுதர்சன், சாய் கிஷோர் வரை நம்மூரார் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஓரிரு ஆட்டத்துக்கு மட்டும் வருகிறார்கள், அறிவிப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில். யூடியூப் நேரலையில் தமிழ்க் கருத்துகள் குவியும், வாசலில் ஒரு டிக்கெட்கூட அதிகமாக விற்காது. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கங்களுக்கும் கிளப்புகளுக்கும் ஒரு வரி போனால் நிலைமை வேறு. நேரலை கூட்டத்தைக் கெடுக்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் நம்பாதே. வீட்டில் பார்க்கிறவன் பெரும்பாலும் தூரத்தில் இருக்கிறவன் அல்லது வேலையில் இருக்கிறவன். விக்கெட் துணுக்கு ஐந்து நிமிஷத்துக்குள் போனுக்குப் போக வேண்டும். ராத்திரி போனால் பழைய சோறு.

பெண்கள் அணி பற்றி நீயே நன்றாக எழுதியிருந்தாய். 2025இல் எட்டு கவுண்டிகளின் பெண்கள் அணிகளோடு முதல் அடுக்கு தொடங்கியது. உங்களுக்கு அந்த இடம் இல்லாவிட்டாலும், பிளாஸ்ட் நாளில் இரண்டு ஆட்டத்தையும் ஒரே டிக்கெட்டில் வையுங்கள்.

கடைசியாகப் பணம். ஹண்ட்ரட் அணிகளின் பங்கு விற்பனையில் 520 மில்லியன் பவுண்டு அளவு வந்தது. லீட்ஸ் அணி முழுவதையும் நம் சென்னை சன் குழுமம் வாங்கியதை நீயும் பார்த்திருப்பாய். இனி அது சன்ரைசர்ஸ் லீட்ஸ். ஹண்ட்ரட் நடத்தாத உங்களைப் போன்ற கவுண்டிகளுக்கும் கணிசமான பங்கு வருகிறது. அதை ஆட்டக்காரர் சம்பளத்தில் கரைக்கலாம் என்று ஒரு கட்சி கிளம்பும். நீ வடிகாலுக்கும், கூரைக்கும், பெண்களுக்கான கழிப்பறைக்கும் பேசு. அதற்கு முன்னால் ஒரு கணக்கு வேண்டும்: போன சீசனில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வாசலைத் தாண்டினார்கள். ஸ்கேனர் உள்ள வாசலில் அது பதிவாகியிருக்கும். யாரும் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு, அட்டவணையையும் சேர்த்து. எந்தெந்த நாளில் மாலை டிக்கெட் போடலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரகு