ஆப்பிள் மரத்துக்கு ஒரு பாட்டு

ஆசிரியருக்கு, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஜனவரி 17 இரவு நடக்கும் 'வாசெயில்' என்ற ஆப்பிள் மரச் சடங்கு பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். அந்தச் சடங்கை, குடித்துவிட்டு மரத்தைச் சுற்றி ஆடும் கூத்து என்று எழுதியிருக்கிறீர்கள். குடிப்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 1752இல் நாட்காட்டி மாறிய பிறகும் பழைய கணக்கிலேயே கார்ஹாம்ப்டன் மாதிரி ஊர்கள் பிடிவாதமாக இதை நடத்துவது வெறும் போதைக்காகவா? சைடரில், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவில், நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையில் மாட்டி, வேரில் சைடர் ஊற்றி, கெட்ட ஆவிகளை விரட்டத் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள். பழந்தோப்பை வெட்டாமல் வைத்திருக்க ஊருக்கு அது ஒரு காரணம்.

அந்தப் பக்கம் சில காலம் வசித்தபோது கீழே கிடந்த சைடர் ஆப்பிள் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், பிஞ்சு வாழைக்காயைப் போல அப்படி ஒரு துவர்ப்பு, நாக்கு மரத்தே போய்விட்டது. கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், சைடர் இல்லையென்றால் அந்த மரத்துக்கு வேலையே இல்லை. அடுத்த முறை அறுவடை நடக்கும் அக்டோபரில் ஒரு நிருபரை அனுப்புங்கள், பழம் பிழிபவர்களிடமும் பேசட்டும்.

— ஒரு வாசகர்