ஒரு சதுர அடியும் ஒரு மணி நேரமும் தாருங்கள்: ஆராதனைச் சிற்றாலயத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

நம் பங்கு மக்களுக்கும், வேலைக்காகச் சென்னை, பெங்களூரு, வளைகுடா, பிரான்சு என்று போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இயேசுவின் பெயரால் அன்பு வணக்கம்.

கோயில் வளாகத்தில் மாதா கெபிக்கும் மறைக்கல்வி வகுப்பறைக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடத்தில், சிறிய ஆராதனைச் சிற்றாலயம் ஒன்று கட்டப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. வியாழக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் அங்கே நற்கருணை ஆண்டவரை, அதாவது இயேசுவின் உடலாக நாம் வணங்கும் அர்ச்சித்த அப்பத்தை, எல்லோரும் பார்த்து ஆராதிக்கும்படி கதிர்ப்பாத்திரத்தில் வைத்து, மறுநாள் விடியற்காலை வரை முறை போட்டு விழித்திருந்து மன்றாடுவது திட்டம். கருத்து ஒன்றே ஒன்றுதான்: குருக்கள் வேண்டும். பேராயரின் பொறுப்பில் உள்ள நம் புதுவை உயர்மறைமாவட்டத்துக்கு வேண்டும். நம் பங்கிலிருந்தும் எழ வேண்டும்.

பங்கின் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. பங்குத்தந்தை ஒருவர், கிளைக்கிராமங்கள் ஐந்து. ஞாயிறு காலை இரண்டு பூசை இங்கே. மதியம் சாப்பிட்ட கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கிளைக்குப் போகிறார். ஐந்து ஊரையும் சுற்றி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு திருமணமோ அடக்கமோ வந்தால் அந்த ஊரின் முறை தள்ளிப்போகும். தள்ளிப்போன ஊர்க்காரர்கள் அவரிடம் எதுவும் சொல்வதில்லை. பேரவை உறுப்பினர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை மீறி, பாகூர்ப் பக்கத்து ஊர்கள் தண்ணீரில் நின்றன. அந்த வாரம் ஒரு கிளைக்கிராமத்தில் படுத்த படுக்கையாக இருந்த பாட்டிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆள் வந்து கூப்பிட்டார்கள். பங்குத்தந்தை டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து, அர்ச்சித்த எண்ணெய்ச் சிமிழைப் பாலித்தீன் உறையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் கிளம்பிய அரைமணி நேரத்தில் இன்னொரு ஊரிலிருந்து ஓர் இளைஞர் இடுப்பளவு நனைந்து வந்து கோயில் வாசலில் நின்றார். அவர் வீட்டிலும் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். உபதேசியார் கூடவே போய் ஜெபம் சொன்னார். அவரால் முடிந்தது அதுதான். ஜெபமாலை நடத்தலாம், மறைக்கல்வி சொல்லித்தரலாம், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லலாம். இதையெல்லாம் நம் உபதேசியாரும் கன்னியர்களும் குறையில்லாமல் செய்கிறார்கள். திருப்பலி ஒப்புக்கொடுக்கவும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும், அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவும் குரு வேண்டும்.

“அறுவடை மிகுதி, வேலையாள்களோ குறைவு” என்று ஆண்டவர் சொன்னதும், உடனே அறுவடையின் உரிமையாளரிடம் மன்றாடச் சொன்னார். குழு அமைக்கச் சொல்லவில்லை. நாங்கள் குழுவும் அமைத்துவிட்டோம். மன்றாட்டை இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளி மாலை ஒரு மணி நேர ஆராதனை, ஆண்டுக்கு ஒருமுறை நல்லாயன் ஞாயிறன்று, குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் ஆண்டவர் விடுக்கும் அழைப்பான இறையழைத்தலுக்காக மன்றாட்டு, அத்தோடு சரி. அந்த ஞாயிறை உலகம் முழுவதும் இறையழைத்தலுக்காக மன்றாடும் நாளாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-இல் ஏற்படுத்தினார். ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் மன்றாடினால் போதும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இந்தக் கவலை புதுவை மண்ணுக்குப் பழையது. பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள் 1778-லேயே இங்கே குருமடம் தொடங்கினார்கள். அதன் வழி வந்ததுதான் 1934-இல் பெங்களூருவுக்கு மாறி, இன்று புனித பேதுரு குருமடமாக இருப்பது. 1844-இல் ஆயர் பொன்னான் புதுவையில் கூட்டிய திருச்சபை மாமன்றம், இந்த நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக உருவாக்குவதே முதல் வேலை என்று தீர்மானித்தது. நம் பிள்ளைகள் பலர் படித்த பெத்தி செமினார் பள்ளியும் குருமாணவர்களுக்காக அதே ஆண்டு தொடங்கியதுதான். பிறகு என்ன நடந்தது? 1886-இல் புதுவை உயர்மறைமாவட்டம் ஆனது. இந்தியர் ஒருவர், அம்புரோஸ் ராயப்பர், அதன் பேராயர் ஆனது 1955-இல். 1844-லிருந்து எண்ணிப் பாருங்கள், நூற்றுப் பதினோரு ஆண்டுகள். அந்த மாமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

நாமும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும். தத்துவத்துக்கும் இறையியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முன்னால் இளங்குருமடம், நடுவில் களப்பணி ஆண்டு, அப்புறம் திருத்தொண்டர் பட்டம். 25 வயது நிறையாமல் பொதுவாகக் குருப்பட்டம் கிடையாது. இன்று எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டு, ஞாயிறு காலை தூபக்கலத்தை ஆட்டி ஆட்டிக் கரியைக் கீழே கொட்டும் பீடச்சிறுவன் ஒருவனுக்கு அழைத்தல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவன் கையால் நாம் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆகும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவனைத் தாங்க ஜெபம் வேண்டும்.

இத்தாலியின் வடக்கே லூ என்று ஒரு சிற்றூர். 1881-இல் அந்த ஊர்த் தாய்மார்கள் செவ்வாய்க்கிழமைதோறும் நற்கருணை முன் கூடி இறையழைத்தலுக்காக மன்றாடத் தொடங்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அதே கருத்துக்காக நன்மை வாங்கினார்கள். பின்வந்த ஆண்டுகளில் அந்த ஒரே ஊரிலிருந்து 152 குருக்களும் 171 கன்னியரும் வந்தார்கள். அதே எண்ணிக்கையை நாமும் ஆண்டவரிடம் நீட்டிக் கேட்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தாய்மார்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொடுக்கும்படி கேட்டார்கள். அங்கேதான் நமக்கு இடிக்கிறது. குருக்கள் வேண்டும் என்று நாம் எல்லோரும் ஜெபிக்கிறோம். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அடுத்த அன்பியத்திலிருந்து, முடிந்தால் அடுத்த தெருவிலிருந்து. நம் வீட்டுப் பையன் வாயைத் திறந்தால், “முதலில் இன்ஜினியரிங் முடி, அப்புறம் பார்க்கலாம்” என்கிறோம். ஒரே பிள்ளை உள்ள வீடுகளின் தயக்கம் புரிகிறது. அதைக்கூட ஆண்டவர் முன் உட்கார்ந்து சொல்லிவிடலாமே என்பதுதான் எங்கள் எண்ணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. “இவனைச் சாமியாராக்குகிறேன்” என்று நேர்ந்துகொண்டு, விருப்பமில்லாத பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்பும் வேலை வேண்டாம். யாரையும் எந்த விதத்திலும் வற்புறுத்திப் பட்டம் ஏற்க வைக்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஆராதனைக்கு வரும் பையன்களைப் பார்த்து, “என்னப்பா, எப்போ குருமடம்?” என்று கேலி பண்ணும் பெரியவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பெரிய கோயில் இருக்கும்போது தனியாக ஒரு அறை எதற்கு என்று பேரவையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. கோயிலை இரவு முழுக்கத் திறந்து வைக்க முடியாது. உண்டியலும் சுரூபங்களும் இருக்கின்றன, காவலுக்கு ஆள் இல்லை. இரண்டு பேர் ஜெபிக்க எட்டு மின்விசிறி ஓடும். மூட்டுவலிக்காரர்கள் ஐந்து படி ஏற வேண்டும். எல்லாவற்றையும் விடக் கொசு. மூன்று பக்கமும் வயல் உள்ள ஊரில் இரவு பதினோரு மணிக்குக் கோயிலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். தியானத்தைவிடக் கைதட்டல்தான் அதிகம் கேட்கும்.

சிற்றாலயம் 18 அடிக்கு 24 அடி, மொத்தம் 432 சதுர அடி. இருபது பேர் தாராளமாக உட்காரலாம். வெள்ளத்தை மனதில் வைத்துத் தரைமட்டத்திலிருந்து மூன்று அடி உயர்த்தி அடித்தளம். ஓடும் ஷீட்டும் வேண்டாம், கான்கிரீட் தளம்தான்; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் மறைக்கல்வி வகுப்பறையின் ஷீட்டுகள் பக்கத்து வயலில் போய் விழுந்ததை யாரும் மறக்கவில்லை. சன்னல்களுக்குக் கொசுவலை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், பக்கத்திலேயே கழிப்பறை, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர். நற்கருணைப் பேழை சுவரோடு பதித்ததாக, உறுதியானதாக, உள்ளே தெரியாததாக, பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதில் சிக்கனம் பார்க்க முடியாது. கதிர்ப்பாத்திரம் கோயிலில் இருப்பதே போதும். புதிதாக வாங்கித்தர ஒருவர் முன்வந்தார், அந்தப் பணத்தைத் தளத்துக்குக் கேட்டோம். பெரிய மனதோடு சம்மதித்தார்.

கட்டுமானத்துக்கு 10,00,000 ரூபாய், சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் 1,70,000, நற்கருணைப் பேழைக்கு 1,20,000, மின்வேலைக்கும் இன்வெர்ட்டருக்கும் 1,10,000. ஆக மொத்தம் 14 லட்சம். கையில் இருப்பது 3,60,000. இன்னும் 10,40,000 வேண்டும். கட்டுமானத்தில் ஒரு சதுர அடி சுமார் 2,300 ரூபாய் ஆகிறது. ஒரு குடும்பம் ஒரு சதுர அடி என்று எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒரே தடவையில் முடியாதவர்கள் மாதம் 200, 300 என்று அன்பியப் பொறுப்பாளரிடம் தரலாம். அதற்கும் குறைவாகத் தந்தாலும் ரசீது உண்டு. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் என்று பொருளாகவும் தரலாம். நம் பங்கில் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் இருக்கிறார்கள். தளம் போடும் நாளில் கூலி வேண்டாம் என்று இப்போதே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அன்று மதியச் சாப்பாடு மாதா சபையின் பொறுப்பு.

குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்படும் காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. அதனால் தனி வங்கிக் கணக்கு, பங்குத்தந்தையும் நிதிக்குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். வரவு செலவு மாதத்தின் கடைசி ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். உயர்மறைமாவட்டத்தின் எழுத்து அனுமதி கைக்கு வந்த பிறகே அஸ்திவாரம் தோண்டுவோம். அதுவரை பணம் வங்கியில் இருக்கும். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்க மாட்டோம். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த உண்டியலை நம்பித்தான் இருக்கிறது. இந்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் கணக்கிலிருந்து தாராளமாக அனுப்பலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் குடும்பங்கள் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் அப்படித்தான். அதைப் பெறும் அனுமதி இந்தக் குழுவுக்கு இல்லை. சொந்தக்காரர் கணக்கு வழியாகச் சுற்றிவளைத்தும் அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. உங்களிடம் நாங்கள் கேட்பது நேரத்தை. இங்கே நள்ளிரவு ஆகும்போது உங்களுக்கு மாலைப் பொழுதுதான். வியாழக்கிழமை அங்கே பக்கத்துக் கோயிலில் நமக்காக ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பெயர்க் கல்வெட்டு கிடையாது. மின்விசிறி இறக்கையில் ‘உபயம்’ எழுதுவதும் இல்லை. சுற்றும்போது படிக்கவும் முடியாது. நன்கொடை தந்த குடும்பங்களின் பெயர்கள் ஒரு நோட்டில் எழுதப்பட்டுப் பீடத்தின் அடியில் இருக்கும். வியாழக்கிழமைத் திருப்பலியில் அவர்கள் எல்லோருக்காகவும் மன்றாடுவோம்.

பணத்தைவிட ஆள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. கதிர்ப்பாத்திரத்தில் வைத்த நற்கருணையைச் சிறிது நேரம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது என்று 2004-இல் வத்திக்கான் வெளியிட்ட ஒழுங்குமுறை உறுதியாகச் சொல்கிறது. எனவே, பளிங்கு போட்டு அழகாகக் கட்டி முடித்தாலும் ஆள் வராவிட்டால் ஆராதனை இல்லை. மாலை 7 மணி முதல் காலை 5 மணி வரை பத்து மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பேர், வாரத்துக்கு இருபது பேர். ஒருவருக்கு மாதத்தில் ஒரே முறைதான் வர வேண்டும் என்றால் எண்பது பேர் வேண்டும்; ஐந்து வியாழன் வரும் மாதத்தில் நூறு பேர். பெண்களுக்கு இரவு 9 மணிக்கு முன்பும் காலை 4 மணிக்குப் பின்பும் முறை. நடு இரவு முறைகள் ஆண்களுக்கு. வழிபாடு நடத்தத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். பாட்டு, மைக், ஜெனரேட்டர் எதுவும் கிடையாது. ஜெபமாலை சொல்லலாம், விவிலியம் வாசிக்கலாம், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். செல்போனை மட்டும் வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.

நன்கொடையையும் பெயரையும் ஞாயிறு பூசைகளுக்குப் பிறகு பங்கு அலுவலகத்தில் கொடுக்கலாம். ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே மணிநேர அட்டவணையும் இருக்கும். அச்சிட்ட ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் தர வேண்டாம், அவர் குழு உறுப்பினராகவே இருந்தாலும். அட்டவணையில் மாலை 7 மணி முறை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இரவு 2 மணியிலிருந்து 3 மணி வரை உள்ள கட்டத்தில் இதுவரை ஒரு பெயரும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று பூசை முடிந்ததும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களை அலுவலகப் பக்கம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆராதனைச் சிற்றாலயக் கட்டுமானக் குழு