சின்னப் பெட்டி விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பலர் அதை எனக்கே அனுப்பிவிட்டீர்கள். எங்கள் கார் ஆடியோ கடைக்கு, போலோ காருக்கு சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான, பெட்டிக்குள் வைக்கும் ஸ்பீக்கர்) போட வந்த தம்பி ஒருவர், "சாப்பாட்டு டப்பா மாதிரி ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு பலகையை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்கிறார்.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பலகையை மிச்சம் பிடிக்கிறேன் என்றால் எப்படிச் சும்மா இருப்பது? கணக்கையே சொல்லிவிடுகிறேன். பெட்டி செய்யும் ஒரு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஷீட் 2.75 மீட்டருக்கு 1.83 மீட்டர், அதாவது சுமார் 5 சதுர மீட்டர். தம்பியின் பெட்டி வெளியளவில் 40, 32, 26 சென்டிமீட்டர். ஆறு பக்கமும் சேர்த்து 0.63 சதுர மீட்டர் ஆகிறது. இரண்டு மடங்கு கொள்ளளவில் செய்திருந்தாலும் 1 சதுர மீட்டர்தான் ஆகியிருக்கும். ஷீட்டில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு மிஞ்சவில்லை. அந்தத் துண்டை வைத்து நான் என்ன வீடா கட்டப் போகிறேன்?

பெட்டியின் அளவைச் சொல்வது ஸ்பீக்கர். அதோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று ஸ்பீக்கரின் இயல்பைக் காட்டும் எண்கள் இருக்கும்; அவற்றை வைத்துத்தான் பெட்டியின் அளவைக் கணக்கிடுகிறோம். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களிலும் ஆஸ்திரேலியாவில் வகுத்த கணக்கு அது. பார்க்க வேண்டியது உள்ளளவு. 18 மில்லிமீட்டர் பலகை என்பதால் வெளியே 33 லிட்டர் தெரிகிற அதே பெட்டிக்குள் 23 லிட்டர்தான் இருக்கும். மேக்னட் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 21 சொச்சம். அவர் வாங்கிய 10 அங்குல ஸ்பீக்கருக்கு, சீல்டு (காற்றுப் போகாமல் முழுக்க மூடிய) பெட்டி என்றால், அது சரியான அளவு.

போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி அதே பவரில் உரக்கக் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்பீக்கருக்கு 40 லிட்டருக்கு மேல் வேண்டும். பெட்டியைச் சுருக்கினால் அதே சுருதிக்கு (போர்ட் ஒலிக்கும் அதிர்வெண்ணுக்கு) குழாய் நீளும், மடக்கி வைக்கவும் இடமிருக்காது. சுருதிக்குக் கீழே போனால் கோனைத் தாங்க உள்ளே காற்றழுத்தம் இல்லை, அதனால் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் நான் போட மாட்டேன். சீல்டு பெட்டியில் தாழ்ந்த ஒலி மெதுவாகத்தான் குறையும், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல். போர்ட் பெட்டியில் 24. போலோ, ஸ்விஃப்ட் போன்ற சின்னக் காரின் மூடிய கூடே மிச்ச பாஸை (தாழ்ந்த ஒலியை) ஓரளவு தூக்கிக் கொடுத்துவிடும். தவில் அடி தெளிவாக விழ வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு சீல்டுக்குத்தான்.

சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த பவரில் பெரிய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். ஹாஃப்மன் விதி என்பார்கள். ஆகவே பெட்டி சின்னதானால் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் தரும் ஆம்ப்ளிஃபையர்) பெரிதாக வேண்டும். வாங்கும்போது, தொடர்ந்து தரும் பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள், அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'மேக்ஸ்' எண்ணை விட்டுவிடுங்கள்.

டபுள் கேப் 'பாக்கி' (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி) ஓட்டுபவர்களுக்கு பின் சீட்டுக்குப் பின்னால் ஒல்லிப் பெட்டியும், ஆழம் குறைந்த ஸ்பீக்கரும் போதும். சீட்டுக்கடியில் வைக்கும் ஆம்ப் சேர்ந்த வகையும் நல்லதுதான். கதவு ஸ்பீக்கருக்குத் துணை நிற்கும், ஆனால் கண்ணாடி அதிரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்து எங்களோடு நிற்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 2021 ஜூலைக் கலவரத்தில் இரவெல்லாம் தெருமுனையில் காவல் நின்ற அண்ணன்மாரையும், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு துடைப்பத்தோடு வந்த அக்காமாரையும் இந்தக் கடை மறக்காது. அப்பா காருக்குப் போட்டோம், இப்போது மகன் வருகிறார். எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம், பெட்டி செய்துவந்த எங்கள் அண்ணன், தன் மகளோடு இருக்க, கேப்டவுனுக்குப் போய்விட்டார். அளவெடுத்துச் செய்யும் பெட்டிக்கு இனி மூன்று வாரம் ஆகும், விலை 2,200 ராண்ட், முன்பணம் திரும்பாது.

தம்பிக்கும் சொல்கிறேன், கோபமில்லை. சனிக்கிழமை காலை வாருங்கள், உங்கள் ஸ்பீக்கரை இரண்டு வகைப் பெட்டியிலும் மாட்டிக் காட்டுகிறேன், காசு வேண்டாம். மற்றவர்களும் வரலாம். காரின் பின்புறச் சாமான் பகுதியைக் காலி செய்துவிட்டு வாருங்கள், ஸ்பேர் வீல் மட்டும் இருக்கட்டும். அதை எடுக்க வழிவிட்டுத்தான் பெட்டியை அளக்க வேண்டும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
சாட்ஸ்வொர்த், டர்பன்