சல்பேட்டில் 42 ஆக்சிஜனா? வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேதியியல் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கும், அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்து தரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாதிரித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சல்பேட் அயனியின், அதாவது மின்சுமை கொண்ட ஓர் அணுத்தொகுதியின், வாய்பாட்டை மட்டும் கொடுத்து, அதன் நிறையைக் கணக்கிடச் சொன்ன கேள்வி. ஒரு மாணவி 704 என்று எழுதியிருந்தாள். விடை 96. எங்கே தவறினாள் என்று வரிவரியாகப் பார்த்தேன். சல்பர் 32; ஆக்சிஜன் 16 × 42 = 672; கூட்டினால் 704. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் வினாத்தாளை எடுத்தேன். கீழே இறங்க வேண்டிய 4, மேலே ஏற வேண்டிய 2, எல்லாம் ஒரே வரியில், ஒரே அளவில், 'எஸ்ஓ42-' என்று அச்சாகியிருந்தது. அந்தப் பெண் அச்சில் இருந்ததைத்தான் படித்திருக்கிறாள். முழு மதிப்பெண் போட்டேன். அன்றிலிருந்து இந்த மடல் என் மனத்தில் இருக்கிறது.

எண் நிற்கும் இடம் அழகுக்காக அமைந்ததன்று. எத்தனை மடங்கு என்று சொல்லும் கெழு முன்னால் நிற்கும், அணுக்களின் எண்ணிக்கை கீழே நிற்கும், மின்சுமை மேலே நிற்கும். இடம் மாறினால் பொருளே மாறிவிடும். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்த சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ் அணு எண்ணிக்கையை மேலேதான் எழுதினார். 1834-இல் ஜெர்மனியின் லீபிக் அதைக் கீழே இறக்கினார். நாம் வகுப்பில் கற்பிப்பது அந்த மரபைத்தான். எழுத்தின் அளவும் அப்படியே. சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. ஓ சிறிய எழுத்தானால் கோபால்ட் என்னும் உலோகம்.

தட்டச்சு செய்பவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர் வினாக்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அங்கே ஒட்டிய உடனே கீழிறக்கமும் மேலேற்றமும் தொலைந்துவிடுகின்றன. வேதியியல் படிக்காத ஒருவர் அதை எப்படி மீட்பார்? தமிழ் வழி வினாத்தாளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றும்போது, வாய்பாட்டின் ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்துகளாகிப் பொருளற்றுக் கிடக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. வேர்டில் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் சமக்குறியை அழுத்தினால் கீழே இறங்கும். ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஏறும். லிப்ரே ஆபிஸில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டுடன் பி (B) என்ற விசை இறக்கும். அடிக்கடி வரும் சல்பேட், பாஸ்பேட், நைட்ரேட் அயனிகளை ஒருமுறை சரியாக அமைத்து, தானியங்கித் திருத்தத்தில் வடிவமைப்போடு சேமித்து வைத்துக்கொண்டால், ஒரு சுருக்கச் சொல் அடித்ததும் முழு வாய்பாடும் வந்து நிற்கும். வடிவமைப்பு தங்காத இடங்களில் யூனிகோடின் ₂, ₄ போன்ற கீழெண்களையே பயன்படுத்தலாம். சில எழுத்துருக்களில் அவை கட்டங்களாகத் தெரியும். ஆகவே அச்சிடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சமன்பாட்டுக் கருவியில் அடித்தால் குறியீடுகள் சாய்வெழுத்தாகும். தனிமக் குறியீடு நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதால் அதையும் நிமிர்த்துங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக ஒன்றை வேண்டுகிறேன். தட்டச்சு முடிந்த தாளை, அதே வடிவில், ஒரு வேதியியல் ஆசிரியர் காகிதத்தில் எடுத்துப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே நகலெடுக்க அனுப்புங்கள். பத்து நிமிடம் போதும். அடுத்த மாதிரித் தேர்வுக்கே இதைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருத்தி